கரைக்கும் தணிக்கை வேண்டும்

(தனியார் மண் அணைகளைப் பற்றி அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் பார்வையிடச் செல்லும் நாம், ஒரு மண்கரையின் மீது ஏறி நடக்க நேர்ந்தது எவ்வாறு என்பதை முதற்கண் கூறிவிடுகிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பேரிகைக்கும் கர்நாடக எல்லைக்கும் இடையே உள்ளது அச்சிற்றூர். அங்குள்ள அங்கத்தினர் ஒருவர் ரோஜாவும் தக்காளியும் மல்பெரியும் பயிரிடுகிறவர். அவருடைய பட்டா நிலத்தில், அவருடைய பாட்டனார் காலத்தில் போடப்பட்ட மண் அணை ஒன்று இருக்கிறது. உயரம் 13 அடி. நீளம் 300 அடிக்குச் சற்று அதிகம். நிரம்பினால் நீர் பரவும் இடம் 5 ஏக்கர். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றும்போது அவருடைய பயிரைக் காப்பது இந்த நீர்தான். கரையை இன்னும் 3 அடி உயர்த்துவதற்குக் கடன் வேண்டும் என்று அவர் சங்கத்திற்கு மனுச் செய்திருந்தார். மனு முறையாக இருந்தது. ஈடு போதுமானது. பழைய பாக்கி ஏதுமில்லை. புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் நாமும் அதற்குச் சம்மதமே எழுதியிருப்போம்.

கரையின் கீழ்ப்புறத்தில், கூப்பிடு தொலைவில், 11 வீடுகள் இருந்தன. அவற்றுள் நான்கில் குழித்தறி ஓடுகிறது. அவர்களும் சங்கத்தின் அங்கத்தினர்களே. பாவு நீட்டிய தறியின் முன் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் எம்மிடம், "மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்போம், ஐயா. குழியில் ஊற்று வந்தால் மேலே குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்" என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர் வழக்கமாகவே சொன்னார். ஆயினும் எம் மனத்தில் அச்சொல் தங்கிவிட்டது. மாதந்தோறும் எத்தனையோ ஏடுகளைத் தணிக்கை செய்கிறோம். 11 குடும்பங்களின் தலைக்கு மேல் நிற்கும் அக்கரையை எவர் தணிக்கை செய்கிறார்? இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இப்பாடம்.

தண்ணீரின் கணக்கு

மண் அணை சிறிதாயினும் அதிலுள்ள நீர் சிறிதன்று. 5 ஏக்கர் பரப்பில் சராசரி 2 மீட்டர் ஆழம் நீர் நின்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 40,000 கன மீட்டர். அதாவது 4 கோடி லிட்டர். நம் பகுதியில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 3,300 லாரிகளுக்கு மேல் வேண்டும். எடையோ 40,000 டன். வழக்கமாக இது மதகின் வழியாகப் பல வாரங்களில் இறங்குகிறது. கரை உடைந்தாலோ ஒரு மணி நேரத்திற்குள்ளேயே பெரும்பகுதி இறங்கிவிடக்கூடும்.

இனி வரவுக் கணக்கைப் பார்ப்போம். இவ்வணைக்கு நீர் தரும் மேட்டு நிலம் 100 ஏக்கர் என்று கொள்வோம். அதன் மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 40,000 கன மீட்டர். அதில் பாதி மண்ணில் ஊறிப் பாதி ஓடி வந்தாலும் ஒரே மழையில் குளம் பாதி நிறையும். குளம் முன்பே நிறைந்திருந்தால் வந்த நீர் அனைத்தும் வெளியே போயாக வேண்டும்.

"அவ்வளவு மழை இங்கு எங்கே பெய்கிறது?" என்று கேட்பவர் உண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்தபின், நம் மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை உருட்டிச் சென்றதை நாடே கண்டது. கடலிலிருந்து நெடுந்தொலைவில், வறட்சிக்குப் பேர்போன வட்டாரத்தில், இது நிகழ்ந்தது. அதே அளவு மழை மேற்சொன்ன 100 ஏக்கரில் பெய்து, பாதி மட்டுமே ஓடி வந்தாலும் அது 1 லட்சம் கன மீட்டராகும். குளத்தின் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு.

இவ்வளவு நீரும் செல்லுவதற்குரிய வழி ஒன்றே. அதனைக் கலிங்கு என்றும் மறுகால் என்றும் பிற மாவட்டங்களில் கூறுவர். நம் பகுதியில் கோடி என்பதே வழக்கு. பெருமழையில் ஒரு மணி நேரத்திற்கு 5 சென்டிமீட்டர் என்பது நடவாத காரியமன்று. அதில் பத்தில் ஆறு பங்கு ஓடி வருமாயின் வினாடிக்கு ஏறக்குறைய 120 கன அடி நீர் கோடியை வந்தடையும். ஒன்றரை அடி ஆழத்திற்கு மேற்படாமல் அது வழிந்தோடக் கோடியின் அகலம் ஏறக்குறைய 22 அடி இருத்தல் வேண்டும். நாம் பார்த்த அணையின் கோடி 6 அடி அகலமே. அதிலும் ஒரு பக்கத்தில் வண்டிப் பாதைக்காக மண் கொட்டியிருந்தனர். மறுபக்கத்தில் மீன் போகாதிருக்க வலை கட்டியிருந்தனர். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத வழியை வைத்துக்கொண்டு கரையை 3 அடி உயர்த்தினால், நிற்கும் நீர் ஏறக்குறைய பாதியளவு மிகுதியாகும். வெளியேறும் வழியோ முன்போலவே இருக்கும்.

எந்த அலுவலகத்தின் ஏட்டில் உள்ளது?

2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. தேசிய அளவில் ஓர் ஆணையமும் மாநிலந்தோறும் அணைப் பாதுகாப்பு அமைப்பும் அதன்படி ஏற்பட்டன. பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைப் பார்வையிட வேண்டும், வெள்ளத்தின்போதும் அதன் பின்னும் பார்க்க வேண்டும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் உரியவர்களுக்கு விதித்துள்ளது. நல்ல விதிகள்.

ஆனால் அவை எல்லா அணைகளுக்கும் உரியன அல்ல. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் சட்டத்திற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை, கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாமை, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமை முதலிய நிபந்தனைகளுள் ஒன்றேனும் பொருந்தினால் வரும். நாம் கூறிய அணையின் உயரம் 4 மீட்டர். கொள்ளளவு வரம்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆதலின் அச்சட்டம் இதனைத் தொடாது.

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகளை நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் பராமரிக்கின்றன. தனியார் பட்டா நிலத்துக் கரையோ இவ்விரண்டிலும் சேராது. எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பார்த்த அணைக்கு நீர் வரும் மேட்டில் ஒரு பகுதி கர்நாடகத்தின் மாலூர் தாலுகாவைச் சேர்ந்தது. அங்குக் காடும் கொல்லையும் இருந்த இடத்தில் தகரக் கொட்டகைகளும் தார்ச்சாலையும் வந்தால், மண்ணில் ஊற வேண்டிய நீர் ஊறாமல் விரைந்தோடி வரும். அந்த மாறுதலை அம்மாநிலத்து அலுவலகம் அறியும்; அணை இருப்பதை அறியாது. இம்மாநிலத்தவர் அணையைக் காண்பர், மேட்டைக் காணார்.

கீழ்ப்புறத்திலும் மாறுதல் நேர்ந்துள்ளது. பாட்டனார் கரை போட்டபோது கீழே இருந்தது கொள்ளுக்காடு. ஓசூரில் தொழிற்பேட்டை வளர வளரச் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுமனை பெருகிற்று. அக்கொள்ளுக்காட்டில் இன்று 11 வீடுகள். அணையின் உயரம் ஓர் அங்குலமும் கூடாதபோதே அதனால் விளையக்கூடிய கேடு இவ்வாறு பன்மடங்காகிவிட்டது.

அரசின் நேரடிப் பார்வையிலுள்ள அணைகளிலேயே பழுது நேர்வதுண்டு. தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டப்பட்ட நம் கிருஷ்ணகிரி அணையின் மதகுகளுள் ஒன்று 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உடைந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அங்குக் காவலரும் பொறியாளரும் இருந்தனர். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பின்னர் மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. பார்ப்பவர் எவருமில்லாத அணையில் அந்த எச்சரிக்கையை விடுப்பவர் யார்?

மண்கரை உடையும் வழிகள்

மண் அணைகள் பெரும்பாலும் மூன்று வகையில் உடைகின்றன. இவற்றை அறிவதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

முதலாவது, நீர் கரைமேல் ஏறி வழிதல். கருங்கல் அணையின் மேல் நீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும், மண்கரை தாங்காது. வெளிச்சரிவின் மண்ணை நீர் கீழிருந்து மேலாகக் கரைத்துக்கொண்டு வரும். கரையின் உச்சியில் மாடும் வண்டியும் ஏறியிறங்கித் தாழ்ந்துபோன ஓரிடம் இருந்தால் உடைப்பு அங்கேதான் தொடங்கும். ஆதலின் கோடியில் வெள்ளம் முழு அளவு ஓடும்போதும் நீர்மட்டத்திற்கும் கரையின் உச்சிக்கும் இடையே 3 அடியேனும் எஞ்சியிருத்தல் நன்று.

இரண்டாவது, கரையின் உள்ளே அரித்தல். எல்லா மண்கரையிலும் சிறிது நீர் கசியும். கசிவு மட்டும் குற்றமன்று. கசியும் நீர் மண்ணையும் எடுத்துக்கொண்டு வருவதே ஆபத்து. எலியும் பெருச்சாளியும் தோண்டிய வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் அழுகிய வேர் ஆகியவை அதற்கு வழி திறந்துவிடும். இவற்றினும் கொடியது பின்னாளில் கரையை வெட்டிப் புதைத்த குழாய். சொட்டு நீர்ப் பாசனத்திற்காகக் கரையின் ஊடே பிளாஸ்டிக் குழாய் இறக்கி, மேலே மண்ணைத் தளர்வாகத் தள்ளி மூடுகின்றனர். நீர் குழாயின் உள்ளே மட்டும் ஓடுவதில்லை. அதன் வெளிப்புறத்தை ஒட்டியும் வழி தேடும். நாளடைவில் அவ்வழி பெரிதாகிக் கரையை உள்ளிருந்தே குடைந்துவிடும்.

மூன்றாவது, சரிவு இடிந்து விழுதல். செங்குத்தாக வெட்டிய கரையும், நனைந்து கனத்த கரையும் சரியும். நிறைந்த குளத்தை இரண்டொரு நாளில் இறைத்து வற்றச் செய்தாலும், கரையினுள் ஊறிய நீர் வெளியேற நேரமின்றி உட்சரிவு வழுக்கி விழுவதுண்டு.

பசுமைக்குடில் வைத்திருக்கும் அன்பர்கள் பிளாஸ்டிக் விரிப்பிட்டு மேடாகக் கட்டும் குட்டைகளுக்கும் இவை பொருந்தும். விரிப்புக் கிழிந்த இடத்தில் கரை ஓசையின்றி நனையும். இரவில் மின்சாரம் வரும்போது தானே ஓடத் தொடங்கும் மோட்டாரை மறந்துவிட்டால், மழையே இல்லாத நாளிலும் நீர் கரைமேல் ஏறும்.

பிற இடங்களில் நேர்ந்தவை

அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயியில், கரும்புத் தோட்டத்திற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கா லோக்கோ என்னும் மண் அணை தனியார் உடைமையாக இருந்தது. 2006ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், பல வாரங்கள் ஓயாது பெய்த மழைக்குப் பின் அது உடைந்து 7 பேர் மாண்டனர். கோடி மண்ணால் மூடப்பட்டுப் போனதால் நீர் கரைமேல் ஏறியிருக்கக்கூடும் என்று விசாரணை கண்டது. உரியவர் பராமரிக்கவில்லை, அரசும் பார்வையிடவில்லை என்பதும் அதில் வெளியாயிற்று. கென்யா நாட்டின் சோலாய் என்னுமிடத்தில், தனியார் பண்ணை ஒன்றின் மண் அணை 2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் இரவில் உடைந்தது. கீழே உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 40க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள திவரே அணை 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இரவில் உடைந்தது. அது அரசின் அணை. கரையில் நீர் கசிவதை ஊர் மக்கள் முன்னரே கண்டு முறையிட்டிருந்தனர். அறிகுறி தோன்றியது; கண்டவரும் இருந்தனர். கண்டது உரிய காலத்தில் உரிய செயலாக மாறாததே குறை.

பொறுப்பு யாருடையது?

இக்கேள்வி மிகப் பழையது. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிக்கரைகள் பெருவெள்ளத்தில் உடைந்து இரயில் பாதைக்குச் சேதம் விளைந்தது. இரயில்வே கம்பெனியார் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தனர். 1868இல், இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. தன் நிலத்தில் நீரைத் தேக்கியவன், அது தப்பி அயலானுக்குத் தீங்கு செய்தால், தன் கவனக்குறைவு இல்லாவிடினும் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்விதி இங்கும் செல்லும் என்பது கம்பெனியாரின் வாதம்.

1874ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. இந்நாட்டின் ஏரிகள் தொன்றுதொட்டுப் பொதுநன்மைக்காக இருந்துவருபவை. அவற்றைக் காத்துப் பழுதுபார்ப்பது ஜமீன்தாரின் கடமை. அழித்துவிட அவருக்கு உரிமையில்லை. ஆதலின் கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார் என்று தீர்ப்பாயிற்று. அவர் தக்க கவனத்துடன் நடந்துகொண்டதாகக் கண்டமையால் விடுபட்டார்.

இத்தீர்ப்பிலிருந்து அங்கத்தினர்கள் கொள்ள வேண்டுவன இரண்டு. ஜமீன்தாரைக் காத்தது அவர் எடுத்துக்கொண்ட கவனம் என்பது ஒன்று. அவருடைய ஏரிகள் பழமையானவை, ஊருக்குப் பயன்பட்டவை என்பது மற்றொன்று. தன் சொந்தப் பயிருக்காகத் தன் விருப்பப்படி கரையை உயர்த்துகிறவர் அந்த இரண்டாவது நிழலில் எளிதில் ஒதுங்க முடியாது. முதலாவதும், எடுத்துக்கொண்ட கவனத்தைக் காட்டக்கூடிய எழுத்து இருந்தால்தான் துணை செய்யும்.

கரைக் குறிப்பேடு

ஆகவே நாம் கூறும் யோசனை எளியது. அணையுள்ள ஒவ்வோர் அங்கத்தினரும் 40 பக்க நோட்டு ஒன்றைக் கரைக் குறிப்பேடாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவம் வலுக்குமுன் செப்டம்பரிலும், உரியவர், கீழ்ப்புறத்து வீட்டார் ஒருவர், நிர்வாகக் குழுவினர் ஒருவர் ஆகிய மூவரும் சேர்ந்து கரை முழுவதும் நடந்து பார்த்து எழுத வேண்டும். பெருமழைக்கு மறுநாள் தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுவன இவை:

1. கரையின் உச்சி: தாழ்ந்த இடம், நீளவாட்டிலோ குறுக்கிலோ வெடிப்பு. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டு 30 அடிக்கு ஒருமுறை உயரம் பார்த்தல்.

2. உட்சரிவு: அலை தின்ற இடம், கல் பதிப்புச் சரிந்த இடம், வழுக்கல்.

3. வெளிச்சரிவு: எலி வளை, புற்று, சீமைக்கருவேல் முதலிய மரங்கள். இளஞ்செடியை வேரோடு பிடுங்கலாம். பெருமரத்தை நீர் நிறைந்திருக்கும்போது பெயர்த்தல் ஆகாது. நீர் வற்றிய காலத்தில் வேரை அகற்றி, அக்குழியில் அரையடிக்கு ஓர் அடுக்காக மண்ணிட்டு, நீர் தெளித்து, இறுகக் கெட்டிக்க வேண்டும்.

4. கரையடி: கோடையிலும் பச்சைப் புல் நிற்கும் இடம், சேறு, ஊற்று. ஊற்று இருந்தால் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுத வேண்டும். அந்நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் வண்டல் படிந்தால் கரையின் மண் போகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தைக் குறைத்துப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

5. மதகும் குழாயும்: அடைப்பு, துரு, குழாயை ஒட்டிய ஈரம். மதகை ஒருமுறை முழுதும் திறந்து மூடிப் பார்த்தல்.

6. கோடி: அகலத்தை அளந்து எழுதுதல். மண், வலை, மணல் மூட்டை, வேலி எதுவும் இருத்தல் கூடாது. கோடியிலிருந்து ஓடை வரை வழி திறந்திருக்க வேண்டும்.

தறிக்குழியில் ஊறும் நீரையும் இக்குறிப்பேட்டில் எழுதலாம். எத்தனை அங்குலம், எந்த நாள், அன்று குளத்தில் நீர் எவ்வளவு என்று குறித்து வந்தால், அந்த அம்மையார் கையால் தொட்டு அறிந்தது பொறியாளர் பயன்படுத்தக்கூடிய கணக்காக ஆகும். குளத்தில் நீர் ஏறாதபோது குழியில் மட்டும் ஏறுமாயின், கரையில் ஏதோ மாறுதல் நேர்ந்திருக்கிறது.

ஆபத்து நேரும் இரவில்

முதல் வேலை மனிதரை அப்புறப்படுத்துவது. கோயில் மணியோ ஒலிபெருக்கியோ எது அடிக்கப்படும், எந்த மேட்டிற்கு ஏற வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். தறியையும் நூலையும் காக்க எண்ணி எவரும் வீட்டிற்குள் திரும்புதல் ஆகாது.

அடுத்து, மதகைத் திறந்து கோடியிலுள்ள தடையை நீக்க வேண்டும். கரையடியில் கலங்கல் ஊற்றுக் கிளம்பினால் களிமண்ணிட்டு அடைக்க முயல்வது பெரும் பிழை. அடைபட்ட நீர் வேறிடத்தில் வெடித்துக் கிளம்பும். ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் சிறு சல்லி, அதன் மேல் பெருங்கல் என்று அடுக்கினால் நீர் வெளியேறும், மண் நிற்கும். நீர் கரைமேல் ஏறும் நிலை வந்தால் கரையின் நடுவே வெட்டுதல் கூடாது. கரை முடிந்து இயற்கையான கெட்டி நிலம் தொடங்கும் ஓரத்தில், கீழே வீடில்லாத பக்கமாக, வழி விட வேண்டும். இவையெல்லாம் கீழிருப்போர் அகன்றபின், கரையில் நிற்பது பாதுகாப்பானது என்று தெரியும் வரையில்தான்.

ஏரிக்கரை உடையும் நிலையில் ஊரார் திரண்டு வேலை செய்ய வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. குடிமராமத்து என்னும் வழக்கமோ அதனினும் பழையது. அது கட்டாயத்தால் வந்த வேலை. நாம் வேண்டுவது சம்மதத்தால் வரும் வேலை. கூட்டுறவு என்பது அதுவேயன்றோ?

அந்தக் கடன் என்னவாயிற்று?

நிர்வாகக் குழு கரையின் மீதே கூடிற்று. கரையை உயர்த்தும் மனு தள்ளப்பட்டது. கோடியை 24 அடியாக அகலப்படுத்திக் கல் பாவுவதற்கும், பழைய குழாயைப் பெயர்த்து முறையாகப் பதிப்பதற்கும் கடன் தரத் தீர்மானமாயிற்று.

மனுதாரர் அதனை மகிழ்ச்சியோடு ஏற்றார் என்று எழுதினால் பொய்யாகும். "கோடியை அகலப்படுத்தினால் தண்ணீர் போகும், கரையை உயர்த்தினால் தண்ணீர் நிற்கும். நான் கடன் கேட்டது தண்ணீருக்கு, ஐயா. வட்டி கட்டப்போவது நான். பயன் கீழே இருப்பவர்களுக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கோடைக்கு 3 அடி நீர் என்பது அவருக்கு ஒரு தக்காளிப் பட்டம். "உடைந்தால் உமக்கு ஒரு சொட்டும் நிற்காது, வழக்கும் வரும்" என்று குழுவினர் ஒருவர் சொன்னது உண்மையாயினும் முழு விடையாகவில்லை. கீழிருந்த நெசவாளர்கள் நால்வரும் கோடி வேலைக்கு ஆளுக்குப் பத்து நாள் கூலியின்றி வருவதாகக் கூறியபோதுதான் அவர் கையெழுத்திட்டார். அதன் பின்னும் சில மாதங்கள் குழுவினருடன் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவத்தில் இரண்டு இரவுகள் கோடியில் முழங்கால் அளவு நீர் ஓடிற்று. வீடுகளுக்குள் நீர் புகவில்லை. இதனால் அக்கரை பத்திரமானது என்று நாம் கூறவில்லை. தறிக்குழியில் இன்றும் ஊற்று வருகிறது. ஆனால் இப்போது அது எழுதப்படுகிறது. எழுதியதை அந்த அங்கத்தினரே மாதம் ஒருமுறை வந்து வாங்கிப் பார்க்கிறார்.

பிற சங்கத்து அன்பர்களும் அடுத்த மகாசபைக் கூட்டத்திற்குமுன் தத்தம் எல்லையிலுள்ள தனியார் கரைகளை எண்ணி ஒரு பட்டியல் எழுதிவைக்குமாறு வேண்டுகிறோம். பட்டியலின் ஒரு பிரதியை ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்பலாம். எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் இல்லாத கரை, சங்கத்தின் ஏட்டிலாவது இருக்கட்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க எல்லையில் தனியார் மண் அணைகளும் மேடாகக் கட்டிய குட்டைகளும் எத்தனை? ஒவ்வொன்றின் கீழும் எத்தனை வீடுகள்?

2. அவற்றுள் ஒன்றின் நீர்ப்பரப்பையும் ஆழத்தையும் அளந்து, கொள்ளளவைக் கணக்கிடுக. 10 சென்டிமீட்டர் மழையில் அதற்கு வரக்கூடிய நீர் எவ்வளவு?

3. அதன் கோடி எத்தனை அடி அகலம்? அது கட்டப்பட்டபின் மேட்டு நிலத்தில் நேர்ந்த மாறுதல்கள் யாவை?

4. தெளிந்த கசிவிற்கும் கலங்கிய கசிவிற்கும் உள்ள வேறுபாடு யாது? அதனை எவ்வாறு அறிவது?

5. ஓர் அங்கத்தினரின் கரையைப் பழுதுபார்க்கும் செலவில், அதன் கீழ் வாழும் அங்கத்தினர்கள் பங்கேற்பது முறையா? ஆமெனில் எந்த அளவில்?